கிள்ளினால் துள்ளும் கால்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. புண்ணுக்குக் கட்டுப் போடும் நர்ஸ் இன்று காலை பழைய கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்ன செய்தி இது: என் மகளின் வலது தொடைக்குப் பின்னால் ஓரங்களில் புதுத் தோல் வந்திருக்கிறது, நடுவில் இன்னும் வரவில்லை. அது வரும்வரை சக்கர நாற்காலியில் உட்காரக் கூடாது. நானும் குனிந்து பார்த்தேன். உள்ளங்கை அகலம் இருக்கிறது.

புண் எப்படி வந்தது என்று போனில் கேட்டீர்கள். படுத்தே கிடந்ததால் வந்தது என்று உங்கள் அம்மா சொன்னதாகவும் சொன்னீர்கள். அது உண்மையில்லை. நான் கண்ணால் பார்த்ததையும், வார்டில் கேட்டு உறுதி செய்துகொண்டதையும் மட்டும் இங்கே எழுதுகிறேன். போனில் பேசினால் என் குரல் உயர்ந்துவிடும். அதனால்தான் கடிதம்.

வேலை பார்த்த கிடங்கில் ஏணியோடு விழுந்த பிறகு இடுப்புக்குக் கீழே அவளுக்கு உணர்வில்லை. இனி நடப்பதற்கு வாய்ப்பில்லை என்று ஆபரேஷன் செய்த டாக்டர் சொன்னபோது நீங்களும் என் பக்கத்தில்தான் நின்றீர்கள். அதன் பிறகுதான் வெளியூர் வேலைக்குத் திரும்பிப் போனீர்கள். இந்தப் பயிற்சி மையத்தில் அவளுக்கு நடக்கக் கற்றுக்கொடுக்கவில்லை. கட்டிலிலிருந்து ஒரு பலகை மேல் சறுக்கி நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர்க் குழாயைத் தானே போட்டு எடுப்பது, உணர்வில்லாத தோலைக் கண்ணாடியில் தினமும் பார்த்துக்கொள்வது, இவைதான் பாடம். நன்றாகத்தான் கற்றுக்கொண்டு வந்தாள். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் யார் கையும் படாமல் மாறிய அன்று, கிடங்கில் ஆட்களை விரட்டும் அதே குரலில், "என்னப்பா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க, வழி விடுங்க" என்று என்னையே விரட்டினாள்.

அவள் கால்கள் சில சமயம் தானாக உதறும். உள்ளங்காலைக் கிள்ளினால் முழங்கால் மடங்கித் துள்ளும். அது குணமாவதன் அடையாளம் இல்லை, மூளைக்குத் தெரியாமல் தண்டுவடம் தானே செய்கிற வேலை என்று பயிற்சி கொடுக்கும் பெண் எங்களை உட்காரவைத்து விளக்கினார். உங்கள் அம்மாவும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். மறுநாளிலிருந்து பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் போர்வையை விலக்கிக் கிள்ளிக் காட்டத் தொடங்கினார். "பாருங்க, ஆடுது பாருங்க! கால் போச்சுன்னு எவன் சொன்னான்?" உங்கள் சித்தி கிள்ளிப் பார்த்தார். எதிர்வீட்டுக்காரர், கல்யாணமான பெண்ணின் கால் என்ற கூச்சம்கூட இல்லாமல், கிள்ளிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பக்கத்துக் கட்டிலில் இருக்கும் அம்மா பஸ் கண்டக்டராக இருந்தவர், வாய் சும்மா இருக்காது. "வரிசையில வாங்க, கிள்ளுக்கு ஒரு டிக்கெட். சில்லறையா வச்சுக்கோங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், உங்கள் அம்மாவும்தான். என் மகள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்று மாலை அவள் உள்ளங்காலைக் கழுவிவிட்டேன். நகம் பதிந்த தடங்கள் இருந்தன.

வேண்டாம் சம்பந்தியம்மா என்று கேட்டுக்கொண்டேன். "உங்களுக்கு நம்பிக்கையே இல்லண்ணே. அப்பாவே இப்படி இருந்தா பொண்ணு எப்படி எந்திரிப்பா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.

பிறகு ஒருநாள் நான் மருந்து வாங்கப் போயிருந்தேன். வலியில்லாத காலுக்குச் சூடு காட்டினால் உணர்வு வந்துவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உங்கள் அம்மா வெந்நீர்ப் பையைத் துணிகூடச் சுற்றாமல் தொடைக்கு அடியில் வைத்திருக்கிறார். என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். விழித்திருந்தாலும் அவளுக்குச் சுட்டிருக்காது. சற்று நேரத்தில் இரண்டு கால்களும் கட்டில் அதிர உதறியிருக்கின்றன. "ஒத்தடம் வேலை செய்யுது!" என்று உங்கள் அம்மா செல்போனில் படம் பிடித்திருக்கிறார். கண்டக்டரம்மா இதைப் பார்த்தபடி நர்ஸை அழைக்கும் மணியை அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். நர்ஸ் வந்து போர்வையைத் தூக்கியபோது தோல் பையோடு ஒட்டியிருந்தது.

பயிற்சிப் பெண் பிறகு சொன்னது இதுதான்: அவளால் உணர முடியாத காயத்துக்கு அவள் உடம்பு போட்ட கூச்சல் அது.

அந்தப் படத்தைத்தான் நீங்கள் உறவுக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பி, "நல்ல முன்னேற்றம்" என்று எழுதினீர்கள். எனக்கும் வந்தது. தோல் வெந்துகொண்டிருக்கும்போது எடுத்த படம், மாப்பிள்ளை. கீழே பூங்கொத்துப் படங்களாகப் போட்டு வாழ்த்தியிருந்தார்கள். அதை இன்னும் நீங்கள் அழிக்கவில்லை. உங்கள் அம்மாவுக்கு விவரம் தெரியாது என்று ஒதுக்கிவிடலாம். டாக்டர் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்ட உங்களை அப்படி ஒதுக்க முடியவில்லை.

அவளுடைய மலஜலம் அள்ளுவது எனக்கு அருவருப்பாக இருக்குமோ என்று உங்கள் சித்தி ஒருமுறை அனுதாபமாகக் கேட்டார். இல்லை. அது வேலை, கைகழுவினால் முடிந்தது. கைகழுவினாலும் போகாத அருவருப்பு, "நடக்க ஆரம்பிச்சதும் சொல்லுங்க மாமா, உடனே லீவு எழுதிக் குடுத்துடறேன்" என்று நீங்கள் சொன்னதைக் கேட்டபோது வந்தது. போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வைத்த பிறகு, "அவர் என் காலைத்தான் கட்டிக்கிட்டாரு போலப்பா" என்று சொல்லிச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. சற்று நேரத்தில் அவளும் நிறுத்திக்கொண்டாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் அவளோடு இருக்கப்போகிற ஒருவர் மையத்துக்கு வந்து தங்கி, தூக்குவது, திருப்பிவிடுவது, குடலைச் சுத்தம் செய்யும் முறை எல்லாம் கற்றுக்கொள்ள வேண்டும். ஆள் உறுதியானால்தான் புண் ஆறியதும் பயிற்சியைத் தொடர்வார்கள். இல்லாவிட்டால் அவள் கட்டில் காத்திருக்கும் வேறொருவருக்குப் போகும். அப்படிப் போனால், படுத்தே கிடந்து பலம் போய், எழுந்து உட்காரவும் ஆள் தேடுகிற நிலையில்தான் வீடு திரும்புவாள். நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மற்ற எல்லாவற்றுக்கும் சரி என்றாள். குடலைக் கையால் சுத்தம் செய்யும் காரியத்துக்கு மட்டும், "நீங்க வேணாம்பா" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அவள் அம்மா இருந்திருந்தால் நான் உங்களுக்கு இப்படி எழுதியிருக்க மாட்டேன்.

உங்கள் அம்மாவை வார்டுக்குள் விட வேண்டாம் என்று மையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் அழுதுகொண்டு உங்களிடம் சொல்வார். அதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை மதியம் டாக்டரும் பயிற்சிப் பெண்ணும் கூடி முடிவெடுக்கிறார்கள். அப்போது உங்களை அழைத்து, வருகிறீர்களா என்று கேட்பார்கள். எந்தப் பதிலானாலும் சரி, அன்று காலையே அதை என் மகளிடம் நீங்கள் உங்கள் வாயால் சொல்லிவிட வேண்டும். என் மூலமாக வேண்டாம், உங்கள் அம்மா மூலமாகவும் வேண்டாம். இது ஒன்றைத்தான் உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்.

கல் தடுக்கினால் கால் வலிக்கிற நல்ல உடம்போடு நீங்கள் நெடுநாள் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்காக அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்
மாமா