பாட்டு இல்லாத கச்சேரி

திங்கள்.
காலையிலிருந்தே மூடுபனி. ஊதும் வாயில் வைக்கும் ரீடு ஈரத்தில் ஊறி, சாக்ஸபோனில் முதல் ஸ்வரமே பிசிறு. சாயங்காலம் ஓட்டலில் வழக்கமான சினிமாப் பாட்டுகள் வாசித்தேன். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான் குடியிருக்கும் நாயுடுபுரம் வீட்டில் மாடியில் இருக்கும் ஸ்டெல்லா மேடம், பள்ளிக்கூடத்தில் டிரம்ஸ் சொல்லித் தருபவர், போனில் ஒரு பதிவு அனுப்பினார். 'ஃப்ரீ ஜாஸ், மெட்டு எதுவும் வச்சுக்காம வாசிக்கறது. கேட்டுப் பாருங்க சார்.' கேட்டேன். மாடு கன்று போட முடியாமல் கத்துவது மாதிரி சாக்ஸபோன். பாதியில் நிறுத்தினேன். எரிச்சல்.

செவ்வாய்.
எரிச்சல் போகவில்லை. மாடிப்படியில் மேடத்திடம் கேட்டே விட்டேன்: "இதுல தாளம் எங்கங்க இருக்கு?"

"யாரும் போட்டுக் குடுக்கல சார். ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கிட்டே போறாங்க."

"தப்பு வந்தா?"

"இன்னொரு தடவை அதையே வாசிச்சுப் பாருங்க."

பதிவைத் திரும்பக் கேட்டேன். ஊதுவதற்கு முன்னால் அந்த ஆள் மூச்சு இழுப்பது கேட்கிறது. மேடையில் நான் ஒளித்து வைப்பது. அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப.

புதன்.
மாடியில் அவரோடு வாசித்தேன். பாட்டு கூடாது என்றார். பயம். விரல்கள் தாமாகவே கல்யாணப் பாட்டுக்குப் போயின. அவர் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டார். அந்தக் குளிரிலும் வியர்வை. கடைசியில் சாக்ஸபோனின் அடித்தொண்டையில் இருந்து ஏதோ ஒரு உறுமல். டிரம்ஸ் கூடவே வந்தது. கீழே மளிகைக்கடையிலிருந்து வீட்டுக்கார பாய்: "தம்பி, மேல யாருக்காச்சும் முடியலையா?"

ஞாயிறு தாண்டிக்குடி காப்பி எஸ்டேட் கொட்டகையில் வாசிக்க மேடம் கூப்பிட்டார். சரி என்றுவிட்டேன். இறங்கி வந்தால் பழனியிலிருந்து அண்ணன் போன்: "ஏலே, ஞாயித்துக்கெழம கன்னிவாடில ரிசப்ஷன். வெள்ளனே வந்துரு." தாண்டிக்குடி விஷயத்தைச் சொல்லாமலே போனை வைத்தேன்.

வெள்ளி.
ஞாயிறு வர முடியாது, வேறு இடத்தில் கச்சேரி என்று அண்ணனிடம் போனில் சொன்னேன். அண்ணன் தவில், நான் சாக்ஸபோன். விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான்.

"வேற கச்சேரியா? என்ன பாட்டு?"

"பாட்டு இல்லண்ணே."

"அப்பா காரியம் முடிஞ்ச மறுநாளே ஒண்ணாப் போயி வாசிச்சோம்லே." வைத்துவிட்டான்.

ஞாயிறு.
ஜீப்பில் தாண்டிக்குடி. தகரக் கூரையில் மழை. கொஞ்சம் பேர். ஆரம்பித்ததுமே ஒரு அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். ஓடிவிடலாம் போலிருந்தது. கன்னிவாடியில் இந்நேரம் தவில் தொடங்கியிருக்கும் என்ற நினைப்பு. வெள்ளியன்று அண்ணனிடம் சொல்ல முடியாமல் போனது அப்படியே கருவிக்குள் போயிற்று. கோரமான சத்தம். நிறுத்தவில்லை, அதையே மறுபடி ஊதினேன். ஸ்டெல்லா மேடம் விடாமல் பின்னாலேயே வந்தார். சொல்லி வைக்காமல் இருவரும் ஒரே இடத்தில் நிறுத்தினோம்.

எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஒரு பெண்: "முடிஞ்சிருச்சுங்களா?"

"முடிஞ்சிருச்சுங்க."

"நல்லாருந்துச்சான்னு தெரியலைங்க. எந்திரிச்சுப் போகத்தான் தோணலைங்க."

திங்கள்.
வெயில். அண்ணன் போன். நேற்று கன்னிவாடிக்கு வேறு ஆள் வைத்தானாம். "அவன் நல்லாத்தான் வாசிச்சான். எனக்குத்தான் கை ஓடல." கொஞ்சம் பொறுத்து, "நீ வாசிச்சத யாராச்சும் போன்ல பிடிச்சு வச்சிருக்காகளா?"

மேடத்தின் போனில் பதிவாகியிருந்ததை வாங்கி அனுப்பினேன். துணி துவைத்தேன். போனைப் பார்த்தேன்.

மதியம் அண்ணி கூப்பிட்டார். "என்னத்த அனுப்பிச்சீங்க தம்பி? உங்கண்ணன் கதவச் சாத்திக்கிட்டு அதையே போட்டுப் போட்டுக் கேக்காரு. திட்டிக்கிட்டேதான் கேக்காரு. சாப்பிட வரல."