மாத்திரைக்கு முன்னால்

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் போனை எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

கண் நரம்பு வீக்கத்துக்குப் போன மாதம் ஸ்டீராய்டு கொடுத்தார்களே, அப்போது நான்கு நாள் எனக்குத் தூக்கமே இல்லை. ஓயாமல் பேசினேன். கல்யாணப் பத்திரிகையை மூன்று முறை மாற்றச் சொன்னேன். "மாப்பிள்ளைக் களை வந்துருச்சுங்க" என்று அம்மா எல்லோரிடமும் பூரித்தார்.

ஐந்தாம் நாள், கல்யாணத்தில் கூடப்பிறந்தவளாக நீங்கள் என் பக்கத்தில் நின்று செய்ய வேண்டிய இணைச்சீருக்கு எந்த நிறத்தில் சேலை கட்டட்டும் என்று மட்டும்தான் நீங்கள் கேட்டீர்கள். "நீ ஒண்ணும் நிக்க வேண்டாம், பெரியப்பா மக நிக்கட்டும்" என்று கத்தினேன். கூடப்பிறந்த அக்காவை வைத்துக்கொண்டு யாராவது அப்படிச் சொல்வார்களா?

ஆர்.எஸ்.புரம் டாக்டரிடம் கேட்டேன். "அந்த மருந்து சில பேருக்கு மூளையையே முடுக்கி விட்டுருமுங்க. முன்னாடியே சொல்லியிருக்கோணும்" என்றார். எனக்குச் சமாதானமாகவில்லை. கத்த வைத்தது மருந்து, சரி. உங்களுக்கு எது வலிக்கும் என்று அதற்கு எப்படித் தெரியும்?

பார்வை மறுபடி மங்குகிறது. நாளை திரும்பவும் மாத்திரை ஆரம்பிக்கிறார்கள், குறைந்த அளவில். நான் மறுபடியும் கத்தினால் அதைக் காதில் வாங்காதீர்கள். இந்தக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள்.

சேலை பச்சையில் இருக்கட்டும், அக்கா.

உங்கள் தம்பி