கிளிவெட்டிக்குத் திறந்து வைத்த வழி

அக்கா,

கீழ்க் கடைவாய்ப் பல் மூன்று நாளாக என்னைப் படுத்துகிற பாடு சொல்லி முடியாது. இன்று காலை பொறுக்கமாட்டாமல் கராம்பு எண்ணெய்ப் போத்தலைத் தேடி எடுத்து, பஞ்சில் நனைத்து வைத்தேன். அந்த மணம் தொண்டைக்குள் இறங்கியதும் வலி மறந்துபோய் உங்கள் முகம் வந்து நின்றது. நீங்கள் போய் இரண்டு மாரி கழிந்துவிட்டது. உயிரோடு இருந்தபோது ஒரு வரி எழுதாதவள் இப்போது கடிதம் எழுதுகிறாள் என்று கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

நான் சீனப் பல் டாக்குத்தரிடம் வேலைக்குப் போன காலம் உங்களுக்கு நினைவிருக்கும். வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தை விட்டுப் போனான். டொக்யாட்டில் இருந்த என் வீட்டுக்காரருக்கும் வேலை போயிற்று. குவாட்டர்ஸையும் விடச் சொன்னார்கள். இரண்டு பெட்டியோடு உங்கள் வாசலில் வந்து நின்றோம். அம்மாவின் வீடு அது. மூத்த மகளுக்கென்று உங்கள் கலியாணத்தோடு எழுதிக் கொடுத்தது. எனக்கும் ஒன்று கட்டித் தருவதாகச் சொன்ன அப்பா, அத்திவாரம் வெட்டுவதற்கு முன்பே போய்விட்டார். நீங்கள் ஒரு கேள்வி கேட்கவில்லை. பின்பக்கத்து இரண்டு அறையையும் கூட்டிக் கழுவிவிட்டு, "உன்ர வீடு மாதிரி நினைச்சுக்கொள்" என்றீர்கள். எனக்கு அந்த அன்பு தெரியவில்லை. இது என் வீடில்லை என்பது மட்டும்தான் காதில் விழுந்தது.

டாக்குத்தர் சீனத்திலிருந்து வந்த தகப்பனுக்கு இங்கே பிறந்த மனிதர். எங்களைவிட நல்லாகத் தமிழ் கதைப்பார். கட்டுப்பல்லுக்குச் சாந்து குழைப்பதும் குறடுகளை அவித்து எடுப்பதும் என் வேலை. ஆட்கள் வராத பின்னேரங்களில், தகப்பன் வைத்திருந்த பழைய போர் நூலைப் பற்றிச் சொல்லுவார். சீனத்துத் தளபதிகள் எந்தக் காலத்திலோ கண்டுபிடித்த தந்திரங்கள். டாக்குத்தர் படை நடத்தியது பல்லோடு மட்டும்தான். கதிரையில் இருந்து நடுங்குகிறவரிடம் மற்றப் பக்கத்துப் பல்லைத் தட்டித் தட்டி, "இதுவோ, இதுவோ?" என்பார். அந்த ஆள் "அதில்லை, அதில்லை" என்று சொல்லி முடிப்பதற்குள் சொத்தைப் பல் கிண்ணத்தில் கிடக்கும். "எதிரி ஒரு பக்கம் பார்க்கோணும், நாங்க மற்றப் பக்கத்தால போகோணும், பிள்ளை" என்பார். நான் வயிறு குலுங்கச் சிரிப்பேன். துறைமுகக் கரையோடு வீட்டுக்கு நடந்து வரும்போது சிரிப்பு நின்று யோசனை பிடித்துக்கொள்ளும்.

யோசனை வேறென்ன, வீடுதான். வீட்டு உறுதிப் பத்திரம் உங்கள் பெயரில் இருந்தது. அயலெல்லாம் உங்கள் பக்கம். நீங்களோ எதற்கும் வாயெடுக்காத மனுசி. உங்களோடு நேரே சண்டை பிடிக்கவும் வழியில்லை. ஆகவே மறைந்திருந்து படையெடுத்தேன். ஒரு கொப்பி வாங்கி அதில் உங்களை எழுதினேன். யார் சொன்னால் கேட்பீர்கள், எதற்குக் கூச்சப்படுவீர்கள், எந்தக் கிழமை விரதம், எந்த நேரம் களைத்துப்போய் இருப்பீர்கள் என்றெல்லாம். முதலில் என் கதிரை ஒன்றை முன்கூடத்துக்குக் கொண்டுவந்து போட்டேன். ஒரு மாதம் விட்டு அலுமாரியை. நீங்கள் உங்கள் சாமான்களை இன்னும் கொஞ்சம் நெருக்கி வைத்துக்கொண்டீர்கள். அடுத்ததாக உங்கள் வீட்டுக்காரரை, அத்தானைப் பிடித்தேன். அவர் மூதூருக்கு அப்பால் வயலும் வரம்புமான கிளிவெட்டிக்காரர். உடம்பு துறைமுகத்துப் பண்டகசாலையிலும் மனம் வயலிலுமாக இருந்தவர். கணவாய்க் கறி வைத்துக் கொடுத்து, "அங்கால இந்த முறை நல்ல விளைச்சலாம். சொந்த வயலை ஆரோ செய்ய விட்டிட்டு இஞ்ச மூட்டை தூக்குறவையளுக்குக் காவல் நிக்கிறீங்களே, அத்தான்?" என்பேன். அவர் கையைக் கழுவாமல் வெகுநேரம் யோசித்துக்கொண்டிருப்பார்.

கடைசி ஆயுதம் கதைக்காமல் விட்டது. ஒரே குசினிக்குள் நின்று, "உப்புக் காணுமோ பார்" என்று நீங்கள் அகப்பையை நீட்டுவீர்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன். எத்தனை நாள் அப்படி. இப்போது நினைத்தால் எனக்கே என்மேல் அருவருப்பு வருகிறது.

டாக்குத்தரிடம், அயல்வீட்டுக்காரியோடு பிரச்சினை என்று பொய் சொல்லித்தான் யோசனை கேட்பேன். "சுத்தி வளைச்சாலும் ஒரு பக்கத்தைத் திறந்து விடோணும். போக வழியில்லாட்டி ஆரும் திரும்பி நிண்டு அடிப்பினம்" என்றார் ஒரு நாள். நானும் ஒரு பக்கத்தைத் திறந்து விட்டேன், கிளிவெட்டிக்குப் போகிற பக்கத்தை.

ஒரு காலை நீங்களே வந்து, "நாங்க ஊருக்குப் போறம். வீட்டை உன்ர பேருக்கு எழுதித் தாறன்" என்றீர்கள். நொத்தாரிசிடம் கையெழுத்து வைத்துவிட்டு நேரே ஜெட்டிக்குப் போனோம். மூதூர் லாஞ்சில் மூன்று வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தீர்கள். லாஞ்ச் வெளிக்கிட்டபோது கரையைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு சொல் சண்டையில்லாமல் வென்றுவிட்டேன் என்று நான் முன்கூடத்தில் வந்து கால் நீட்டி இருந்தேன். பெருமையாகத்தான் இருந்தது அக்கா, பொய் சொல்லமாட்டேன். அது ஒரு கிழமை தாங்கவில்லை. புட்டு அவித்தால் கை தன்பாட்டில் உங்களுக்கும் சேர்த்து மாவை அள்ளிவிடும். மிஞ்சியதைக் காகத்துக்குப் போடுவேன்.

ஒவ்வொரு போகமும் புது அரிசி கொடுத்து அனுப்பினீர்கள். வாங்கிச் சமைத்துச் சாப்பிட்டேனே தவிர, ஒரு நாளாவது வந்து பார்க்கவில்லை. நீங்கள் பாயோடு கிடப்பதாக அத்தான் சொல்லியனுப்பிய பிறகுதான் புறப்பட்டேன். அதற்குள் பதினெட்டு வருடம் போய்விட்டது. கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாகக் கிடந்தீர்கள். உறுதியைக் கையோடு கொண்டு வந்திருந்தேன்.

"வீட்டைத் திருப்பி எழுதுறன் அக்கா."

"எனக்கேன் இனி வீடு?" என்றீர்கள். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினீர்கள். "நீங்க பெட்டியோட வந்த அண்டைக்கே அது உனக்குத்தான் எண்டு நானும் அவரும் கதைச்சது. வேலியோட ஒரு அறையைக் கட்டி இறக்கிக்கொண்டு பக்கத்தில இருப்பமெண்டு நினைச்சனான். சொல்ல வரேக்கயெல்லாம் நீ முகத்தைத் திருப்பினாய்."

"பிறகேன் எல்லாத்தையும் விட்டிட்டு இஞ்ச வந்தனீங்கள்?"

"உன்ர அறையைக் கூட்டேக்க ஒரு கொப்பி கிடந்தது." நீங்கள் சிரித்தீர்கள். "நல்லாத்தான் எழுதியிருந்தனீ. எல்லாம் சரி. எனக்கே தெரியாததும் அதில கிடந்தது. மேல போட்ட தலைப்பைத்தான் என்னால தாங்க ஏலாமப் போச்சு."

'எதிரி' என்று போட்டிருந்தேன். டாக்குத்தரின் கதையில் அப்படித்தான் வரும், நானும் யோசிக்காமல் அப்படியே எழுதினேன். நான் பெரிதாக நினைத்துக்கொண்டிருந்த தந்திரம் ஒன்றாலும் வீடு என் கைக்கு வரவில்லை. நீங்கள் தர இருந்ததைத்தான் தந்தீர்கள். என் போர் சாதித்தது உங்களைத் துரத்தியது மட்டும்தான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள், "லாஞ்சில வந்த களைப்பு. தேத்தண்ணி குடிச்சனியோ?" என்று கேட்டுவிட்டீர்கள். அடுத்த கிழமை வந்து ஆறுதலாகக் கேட்கலாம் என்று திரும்பினேன். மாரி தொடங்கிக் கடல் கொந்தளித்து லாஞ்ச் ஓடவில்லை. தரைவழியில் குறுக்கிடும் ஆற்றுத்துறை ஒவ்வொன்றிலும் படகுக்குக் காத்து நின்று நான் வந்து சேர்ந்தபோது, அத்தான் முற்றத்தில் தனியே இருந்தார். எல்லாம் முடிந்திருந்தது.

அந்தப் பழைய நூலில் பிழை சொல்ல எனக்கு வாயில்லை. கொண்டு போகக்கூடாத இடத்துக்குக் கொண்டு போனது நான். ஆனால் பழகிய கண் இன்னும் மாறவில்லை அக்கா. சந்தையிலும் பஸ்ஸிலும் யாரைக் கண்டாலும் இவருக்கு எங்கே நோகும் என்றுதான் முதலில் பார்க்கிறேன். போன மாதம் உங்கள் மகள் வந்தாள். இங்கே ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. வாசல் படலையடியில் அவளைக் கண்டதும் நான் பார்த்தது அவளுடைய பையின் அளவை. எத்தனை நாள் நிற்பாள், வீட்டைப் பற்றி அத்தான் ஏதும் சொல்லி அனுப்பியிருப்பாரோ என்று மனம் ஓடி முடித்துவிட்டது. அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "சின்னம்மா, நான் உள்ளுக்கு வரலாமோ?" என்று கேட்டாள்.

அவள் பிறந்த வீடு அது. கையைப் பிடித்துக் கூட்டி வந்து சோறு போட்டேன். உங்கள் அறையை அவளுக்கு ஒதுக்கிக் கொடுத்தேன். உறுதியை அவள் பெயருக்கு மாற்ற நொத்தாரிசிடமும் சொல்லியாயிற்று. அதனால் எனக்கு ஒன்றும் ஆறவில்லை. அவள் இன்னும் குசினி வாசலில் நின்று, என் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் காலை உள்ளே வைக்கிறாள்.