நாலு வெளிக்கதவு

19 ஜனவரி 2024, வெள்ளி

வீடு கட்டுகிறவர்கள் தனியாக ஒரு நோட்டுப் போட்டு எல்லாவற்றையும் எழுதி வைக்க வேண்டும் என்று இன்ஜினியர் பிரிசில்லா சொல்லிவிட்டது. சேந்தமங்கலத்தில் ஆபீஸ் வைத்திருக்கும் பெண், என் மகள் வித்யாஸ்ரீயைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். சரி, எழுதுவோம். இருபத்தாறு வருடமாகக் கொல்லிமலைக்குப் பஸ் ஓட்டுகிறேன், தினமும் டிரிப் ஷீட் எழுதுகிற கைதானே.

இடம், காளப்பநாயக்கன்பட்டியில் நம் தோட்டத்திலேயே ரோட்டை ஒட்டி ஏழு சென்ட். பட்ஜெட் இருபத்தெட்டு லட்சம், அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது. எழுபது வளைவில் ஒரு கோழியைக்கூட அடிக்காமல் ஏறி இறங்குகிறவன் நான். ஒரு வீட்டைக் கட்டி முடிக்க முடியாதா என்ன?

28 ஜனவரி, ஞாயிறு

பிரிசில்லா வீட்டுக்கு வந்தது. குடியிருக்கப் போகிறவர்கள் எல்லாரிடமும் தனித்தனியாகக் கேட்டுத்தான் பிளான் போடுமாம். என்ன புது வழக்கமோ. பணம் போடுகிறவன் ஒருவன், ஆசை மட்டும் நாலு பேருக்கு.

நான் சொன்னது ஒன்றே ஒன்று. மனையடி சாஸ்திரப்படி உள் அளவு சரியாக வர வேண்டும், பெரிய படுக்கையறை பதினொன்றுக்குப் பதினாறு. இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டேன். என் மனைவி ருக்குமணி அரை மணி நேரம் பேசியிருக்கிறாள், என்னிடம் வாரத்துக்கு நாலு வார்த்தை பேசாதவள். அப்படி என்ன கேட்டாய் என்றேன். சமையலறையிலிருந்து கொல்லைக்கு ஒரு கதவு, காற்றுக்கு என்றாள். அப்புறம் சாமி அறைக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். சாமியை உள்ளே வைத்துப் பூட்டப் போகிறாயா என்று கேலி செய்தேன். வித்யாஸ்ரீ சிரிக்கவில்லை. பெரியவன் சபரீஷ், நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்க்கிறவன், தான் கேட்டதைச் சொல்லவே இல்லை.

11 பிப்ரவரி, ஞாயிறு

எஸ்டிமேட் வந்தது. முப்பத்தொன்றரை லட்சம்.

சாப்பிடும்போது, போர்ட்டிகோவை விட்டுவிடலாமே என்றாள் ருக்குமணி. போர்ட்டிகோ இல்லாமல் அது என்ன வீடு? என் சம்பளத்தில் கட்டுகிற வீட்டுக்கு எனக்கே கணக்குச் சொல்கிறாள். தண்ணீர்ச் சொம்பை எறிந்தேன். சுவரில் படும் என்றுதான் எறிந்தேன், புருவத்தில் பட்டுவிட்டது. முந்தானையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே மோர் ஊற்றினாள். நானும் சாப்பிட்டு முடித்தேன். எனக்குக் கோபம் வரும், வந்த வேகத்தில் போயும் விடும். அது அவளுக்கும் தெரியும்.

3 மார்ச், ஞாயிறு

பிளான் கைக்கு வந்தது. அறை அளவுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். எல்லாம் சாஸ்திரப்படி இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

23 மே, வியாழன்

பூமி பூஜை முடிந்தது. தூறல் விழுந்தது, நல்லது என்றார்கள்.

17 ஜூன், திங்கள்

டூட்டி முடிந்து நேராக மனைக்குப் போனேன். செங்கல் மூன்று வரிசை எழும்பியிருந்தது. டேப் போட்டால் பெரிய அறை உள்ளே ஒன்பதரை அடி. பதினொன்று வர வேண்டிய இடத்தில் ஒன்பதரை. ஒன்பது ஆகவே ஆகாத அளவு, குடும்பம் சிதறும் என்பார்கள். மேஸ்திரி சென்றாயன் சுவரோடு சேர்த்துப் பதினொன்று போட்டிருக்கிறார். கேட்டால், நீங்கள் சொன்னதுதான் என்கிறார், அதுவும் சிரித்துக்கொண்டு.

அந்தச் சிரிப்புதான். மட்டக்கோல் பக்கத்தில் சாத்தியிருந்தது. முதல் அடி தோளில், இரண்டாவது நெற்றியில். சிமெண்டுக் கலவையில் ரத்தம் சொட்டியது. சித்தாள்கள் கத்தினார்கள். மூன்றாவதற்கு ஓங்கும்போது இரண்டு பேர் பின்னாலிருந்து என்னைக் கட்டிப் பிடித்தார்கள், இல்லாவிட்டால் அதுவும் விழுந்திருக்கும். உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் எனக்கு நன்றாக இருந்தது.

18 ஜூன், செவ்வாய்

காபியை வைத்துவிட்டு ருக்குமணி சொன்னாள், போனில் மேஸ்திரியிடம் சுவரோடு பதினொன்று என்று சொன்னது நான்தானாம். பக்கத்தில் இருந்து கேட்டாளாம். அவளை ஒன்றும் செய்யவில்லை. டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

25 ஜூன், செவ்வாய்

மேஸ்திரிக்கு ஏழு தையல். ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கொடுத்தனுப்பிய பணம் திரும்பி வந்துவிட்டது. போலீசுக்குப் போகவில்லை, ஆனால் சுற்றுவட்டாரத்தில் ஒரு மேஸ்திரியும் என் மனையில் கால் வைக்க மாட்டேன் என்கிறார்கள். பிரிசில்லா ராசிபுரத்திலிருந்து ஆள் பிடித்துக் கொடுத்தது, கூலி கூடத்தான். மூன்று வரிசையையும் இடித்துவிட்டு மறுபடி கட்ட வேண்டும். போர்ட்டிகோ போச்சு.

14 ஜூலை, ஞாயிறு

மரவேலைக் கணக்குப் பார்க்க பிரிசில்லா ஆபீசுக்குப் போனேன். செலவு கையைக் கடிக்கிறது, எங்கே குறைக்கலாம் என்று கேட்டேன். கதவில் குறைக்கலாம் என்றது. இந்த அளவு வீட்டுக்கு வெளிக்கதவு இரண்டு போதும், உங்கள் பிளானில் நாலு இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டியது. முன்வாசல், சமையலறை, வித்யாஸ்ரீ அறை, எங்கள் அறை. கையெழுத்துப் போட்ட நான் இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

எங்கள் அறைக்கு யார் கேட்டது என்றேன்.

"சபரீஷ் தம்பி கேட்டாருங்க சார். அவருக்கு ஹால்ல படுத்தாப் போதும்னுட்டாரு. உங்க ரூமுக்குத்தான், உள்ள தாப்பா போட்டிருந்தாலும் வெளிய இருந்து தொறக்கற மாதிரி ஒரு கதவு வேணும்னாரு." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டது. "ஏனுங்க சார், உங்க ஊட்டுல முன்ன ஏதாச்சும் தீ விபத்து ஆச்சுங்களா? மூணு பேருமே வெளிய போற வழியத்தான் கேட்டாங்க."

தீ எதுவும் இல்லை என்றேன்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேன். சமையலறையிலிருந்து கொல்லைக்கு ஒன்று. மகள் அறையிலிருந்து ரோட்டுப் பக்கம் ஒன்று. சாமி அறைக்குள் புகுந்து போட்டுக்கொள்ளத் தாழ்ப்பாள். லட்ச லட்சமாகக் கொட்டி நான் கட்டுகிறேன் — எங்கிட்ட இருந்து தப்பிச்சு ஓடறதுக்கா? என் காசுலயா? நான் என்ன மலையில இருந்து எறங்கின சிறுத்தையா?

வீட்டுக்கு வந்து பிளானை ருக்குமணி முன்னால் விரித்தேன். இந்தக் கதவெல்லாம் யாருக்காக என்று கேட்டேன். காற்றுக்கு என்று மறுபடியும் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் விட்டிருப்பேனோ என்னவோ.

"உங்களுக்காகத்தானுங்க," என்றாள்.

அப்புறம் நடந்தது

21 ஜூலை, ஞாயிறு

இடது கையால் எழுதுகிறேன். கோணல் மாணலாகத்தான் வரும்.

பதினாலாம் தேதியையும் பின்னால் இந்தக் கையால்தான் எழுதினேன். பாதியில் நின்றதை எழுதிவிடுகிறேன். வாசல் கதவைத் தாழிட்டேன். இந்த ஓட்டு வீட்டுக்கு இருப்பது அந்த ஒரே வாசல். முதல் அடி கன்னத்தில், காதோடு சேர்த்து. விழுந்தவளைத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினேன். குறுக்கே வந்த வித்யாஸ்ரீயைத் தள்ளினேன், சுவரில் மோதி உதடு கிழிந்தது. வேண்டாமுங்கப்பா, வேண்டாமுங்கப்பா என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது. ருக்குமணியின் வயிற்றில் உதைத்தேன். எத்தனை முறை என்று தெரியாது. வெளியே சபரீஷ் கதவை இடித்தான். திறக்கவில்லை. கூரையில் ஏறி, ஓட்டைப் பிரித்துக்கொண்டு உள்ளே குதித்தான். கையில் இரும்பு ராடு.

ஒரே அடி, என் வலது மணிக்கட்டில். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். அவன் இன்னொரு முறை ஓங்கவில்லை, ராடைக் கீழே போட்டுவிட்டு அம்மாவைத் தூக்கினான். அதுதான் எனக்குப் பிடிபடவில்லை. நானாக இருந்தால் ஒன்றோடு நிறுத்தியிருக்க மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் பைக்கிலிருந்து விழுந்தேன் என்று சொன்னேன். ருக்குமணி பொய் சொல்லவில்லை. இடது காதில் ஜவ்வு கிழிந்துவிட்டதாம். மூன்று பேரும் பேளுக்குறிச்சியில் அவள் அண்ணன் அர்த்தநாரி வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

குடிக்கிறவனாக இருந்தால் குடியைச் சொல்லலாம். நான் குடிப்பதே இல்லை.

10 ஆகஸ்ட்

பேளுக்குறிச்சியில் சந்தை. ஜனங்கள் முன்னால் கத்தினால் அர்த்தநாரி மச்சான் மானத்துக்குப் பயந்து அவளை அனுப்பிவிடுவார் என்று கணக்குப் போட்டுத்தான் இன்றைக்குப் போனேன். ஆவணியில் நிலை வைக்க நாள் குறித்தாயிற்று, பெண்டாட்டி பக்கத்தில் இல்லாமல் நான் எப்படி வாசக்காலுக்கு மஞ்சள் பூசுவது என்று கேட்டேன். கேட்டைக் காலால் உதைத்தேன். சந்தைக்கு வந்தவர்கள் பையைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

மச்சான் வரவில்லை. அவள்தான் வந்தாள், காதில் பஞ்சோடு. கேட்டைத் திறக்காமல் பேசினாள்.

"ஊட்டக் கட்டுங்க. நாலு கதவும் வெக்கோணும், என் பேருக்கு எழுதோணும். நான் வந்து நெலை வெக்கறேன், புள்ளைங்களோட குடியிருக்கறேன். நீங்க தோட்டத்துச் சாளையில இருந்துக்குங்க, சோறு நான் போடறேன். இல்லீன்னா, போலீசுல எழுதி வெச்சிருக்கற காயிதத்துல கையெழுத்துப் போட்டுருவனுங்க."

சாளை என்பது மோட்டாருக்குப் பக்கத்தில் உர மூட்டை அடுக்கி வைக்கும் ஒற்றை அறை. இருபத்தெட்டு வருடத்தில் அவள் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. கேட்டை ஏறிக் குதித்துக் கழுத்தை நெரித்துவிடலாம் போல இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன். பஸ் ஏறி வந்துவிட்டேன்.

12 ஆகஸ்ட்

முடியாது. அது என் வீடு.

20 ஆகஸ்ட்

நல்ல மழை. சபரீஷ் பிரித்த ஓட்டு வழியாக வீட்டுக்குள் ஒழுகுகிறது. ஒற்றைக் கையால் ஓடு மாற்ற முடியவில்லை. சட்டியை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த இடத்தில்தான் அவள் விழுந்தாள்.

29 ஆகஸ்ட், வியாழன்

மரம் பார்க்கக் கொல்லிமலை மேல் சோளக்காடு ஊருக்குப் போனேன். வலது கையில் கட்டு, அதனால் என் பஸ்ஸிலேயே பயணியாக. ஸ்டியரிங் இன்னொருவன் கையில் இருக்க இந்த மலையை நான் ஏறியதே இல்லை. இடது கையால் கம்பியை விடாமல் பிடித்திருந்தேன். ஓட்டியவன் நல்ல டிரைவர்தான், நான் பழக்கிவிட்ட பையன். இருந்தாலும் எழுபது முடிகிறவரை அவன் கையைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை. இறங்கினதும் ரோட்டோரம் வாந்தி எடுத்தேன்.

பட்டா நிலத்துப் பலா மரம், நன்றாகக் காய்ந்தது. வெளிக்கதவு எத்தனை என்று மரக்காரர் கேட்டார். நாலு என்றேன்.

12 செப்டம்பர், வியாழன்

நிலை வைத்தோம். ருக்குமணி வந்தாள். மஞ்சள் பூசினாள், பொட்டு வைத்தாள், காசு போட்டாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் சபரீஷ் நின்றுகொண்டிருந்தான். ஐயர் கையைச் சேர்த்துப் பிடிக்கச் சொன்னபோது அவள் நிலையைப் பிடித்துக்கொண்டாள். வெட்கமாக இருந்தது. கோபமும் வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

10 பிப்ரவரி 2025, திங்கள்

பால் காய்ச்சினார்கள். மொத்தம் முப்பத்துநாலு லட்சம் ஆகிவிட்டது. பத்திரம் அவள் பேரில். வந்தவர்கள் எல்லாம் வீட்டில் எவ்வளவு வெளிச்சம் என்று பாராட்டினார்கள், இத்தனை கதவு எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. தெரிந்திருக்கும். சாயங்காலம் என் டிரங்குப் பெட்டியைச் சாளைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

6 ஏப்ரல்

டிப்போவில் லைட் டூட்டி. மணிக்கட்டு சரியாகக் கூடவில்லை. இனிமேல் மலைக்கு விட மாட்டார்கள்.

17 ஆகஸ்ட், ஞாயிறு

பதின்மூன்று மாதமாக யார்மீதும் கை வைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் சுலபமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். இதுவரை வித்யாஸ்ரீதான் தூக்குப்போசியில் சோற்றைக் கொண்டுவந்து சாளையில் வைத்துவிட்டுப் போகும். இன்றைக்கு உள்ளே வந்து சாப்பிடச் சொன்னாள் ருக்குமணி. குளித்துவிட்டு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். எல்லாம் சரியாகிக்கொண்டு வருகிறது என்றே நினைத்துவிட்டேன்.

நானும் சபரீஷும் வித்யாஸ்ரீயும் உட்கார்ந்தோம், அவள் பரிமாறினாள். கேட்காத காதுப் பக்கம் நான் இருந்ததால் இரண்டு முறை குனிந்து என்னவென்று கேட்டாள். தட்டப்பயறுக் குழம்பு, எனக்குப் பிடித்தது. இரண்டாம் முறை சோற்றோடு வந்தாள். போதும் என்று இடது கையை உயர்த்தினேன்.

சட்டியைப் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு தரையோடு குனிந்துவிட்டாள். சோறு சிதறிக் கிடந்தது. சபரீஷ் எழுந்து நின்றுவிட்டான். 

போதும் என்று சொல்லத்தான் கையைத் தூக்கினேன் என்றேன்.

"தெரியுமுங்க," என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

அப்புறம் அவளே சோற்றை அள்ளினாள். நான் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு மீதியைச் சாப்பிட்டேன். இனிமேல் போதும் என்பதை வாயால்தான் சொல்ல வேண்டும்.