தள்ளிவிடக் கூடாத மேடு

2025 ஜனவரி 9

ஸிபான் சேர் வரைபடத்தை மேசையில் விரித்துவைத்துக்கொண்டு, "சஞ்சீவனி, இது காணாது. இன்னும் கஷ்டமான ரோடு வேணும்" என்றார். கண்டியைச் சுற்றி எனக்குத் தெரிந்த மேடெல்லாம் கொடுத்தாயிற்று. வெளிநாட்டுக்காரர்கள் விமானம் ஏறி வந்து சைக்கிளில் மூச்சு வாங்குவதற்காகவே நடக்கிற கம்பனி இது. சைக்கிள் ஓட்டத் தெரியாத நான்தான் அவர்களுக்குப் பாதை போடுகிறேன். இந்தப் புதுப் பாதை சரிவந்தால் மார்ச்சில் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் வீடு.

ஜனவரி 12

எங்கள் தேயிலைத் தோட்டத்து ரோடு! ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை? ஹேவாஹெட்டயிலிருந்து மேலே வளைவுக்கு மேல் வளைவு, கடைசி வளைவில் பதினெட்டு வீத ஏற்றம். போன வருஷம்தான் வழவழவென்று தார் காபட் போட்டார்கள், மெல்லிய டயருக்குத் தோது. பள்ளிக்கூடம் விட்டு ஏறும்போதெல்லாம் இந்த ரோட்டைப் போட்டவனைத் திட்டியிருக்கிறேன். இன்று "அற்புதமான ஏற்றம்" என்று எழுதினேன். கை கூசவே இல்லை.

ஜனவரி 30

முதல் குழு. நாசமாய்ப் போச்சு.

மலை உச்சியில் வேனோடு காத்திருந்த சாரதி சொன்னார். கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு அம்மாவும் மற்றப் பெண்களும் கடைசி வளைவில் வந்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர்கள் முக்கி முனகி மிதிப்பதைப் பார்த்து, "ஐயோ பாவம்" என்று ஆளுக்கொருவரைப் பிடித்து மேலே தள்ளிவிட்டார்களாம்! ஒருவர் "நோ, நோ" என்று கத்த, கூச்சப்படுகிறார் என்று அம்மா இன்னும் பலமாகத் தள்ளியிருக்கிறார். தோட்டத்தில் அப்படித்தான் - மேட்டில் ஆட்டோ நின்றாலும் சைக்கிள் நின்றாலும் கை கொடுக்காமல் ஒருத்தரும் தாண்டிப் போகமாட்டார்கள்.

சொந்தக் காலில் ஏறத்தான் வந்தோம் என்று புகார். சாரதியிடம் பெயரை விசாரித்துவிட்டு ஸிபான் சேர், "நல்லம்மாங்கிறது உங்க உம்மாவா?" என்று கேட்டார். "நிப்பாட்டச் சொல்லுங்க. இல்லாட்டி அந்தப் பாதையும் இல்ல, உங்களுக்கு வேலையும் இல்ல."

பெப்ரவரி 2

வீட்டுக்குப் போனேன். "அவங்களுக்குக் கஷ்டப்படத்தாம்மா புடிக்கும்" என்றேன்.

"கஷ்டப்பட ஆசையா? அப்ப ஆளுக்கொரு கூடையக் குடுத்து மலைக்கு அனுப்பு புள்ள."

லயத்து வீட்டு வரிசையே சிரித்தது. எனக்கு அழுகைதான் வந்தது. "என் வேல போயிரும்மா! யாரும் கிட்டப் போகாதீங்க. என்ன நடந்தாலும் தொடவே கூடாது!" என்று கத்திவிட்டேன்.

அம்மா முகம் சுருங்கிவிட்டது. "சரி புள்ள. தொட மாட்டோம்." ஒவ்வொரு காம்பரா வீடாகப் போய் அவரே சொல்லியும் வந்தார்.

பெப்ரவரி 11

அப்பாடா. இரண்டாவது குழு ஏறிவிட்டது. கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்களாம்.

மார்ச் 4

இன்னொரு குழு ஏறுகிற நாள். வேலையில் இருக்கும்போது அம்மாவின் ஃபோன். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது.

"புள்ள, கடைசியாத் தனியா வந்த வெள்ளக்கார ஐயா ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள்ள விழுந்து கெடக்காரு. நெத்தியில ரத்தம். கீழ சிக்னல் இல்ல, கோயிலடிக்கு ஓடியாந்து பேசுறேன். எல்லாரும் சுத்தித்தான் நிக்கிறாங்க. தொடலாமா?"

தொடலாமாவா? கடவுளே, என்ன செய்து வைத்திருக்கிறேன்!

"தூக்குங்கம்மா! தூக்குங்க!" ஒஃபிஸே திரும்பிப் பார்த்தது. எவ்வளவு நேரம் அப்படியே நின்றார்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மார்ச் 19

விழுந்தவர் தோள் எலும்பு முறிவோடு தப்பித்தார். ஊருக்குப் போய் நல்லதாகவே எழுதியிருக்கிறார்: "உள்ளூர் மக்கள் எங்கள் சுயமுயற்சியை மதிக்கிறார்கள்." ஸிபான் சேர் அதை எல்லாருக்கும் வாசித்துக் காட்டிவிட்டு, என் வேலை நிரந்தரம் என்றார். கேக் வெட்டினோம்.

அம்மாவுக்குச் சொன்னேன். "சந்தோஷம் புள்ள." பிறகு, "இனி யாராச்சும் விழுந்தா ஒன்னயக் கேக்காமத் தூக்கலாமா?" என்றார்.

"சேர்ட்ட கேட்டுச் சொல்றேம்மா" என்றேன்.