அம்மாவின் கார் எத்தனாலுக்கு மாறிய கதை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்கிறீர்கள் என்று உன் கையெழுத்தில் படித்தால்தான் எனக்கு நிம்மதி. என் எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று பதறாதே, நேற்று நடந்ததை நினைத்து நினைத்துச் சிரிப்பதால் பேனா ஆடுகிறது. போனில் சொல்லிவிடுங்களேன் என்று அம்மா சொன்னாள், போன் என்றால் நீ நடுவில் நூறு கேள்வி கேட்பாய், எனக்கு முதலிலிருந்து வரிசையாகச் சொல்லியாக வேண்டும், அதனால் கடிதம்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து அம்மாவின் டிரைவிங் ஸ்கூலுக்கு ஒரு தாள் வந்தது. பதினைந்து வருஷத்துக்கு மேல் ஓடிய பெட்ரோல் காரில் இனி யாருக்கும் ஓட்டக் கற்றுத்தரக் கூடாது, இரண்டு மாதத்துக்குள் எத்தனாலுக்கு மாற்றிச் சோதனையில் தேறினால் சரி, இல்லாவிட்டால் ஸ்கூலின் உரிமம் ரத்து என்று போட்டிருந்தது. எத்தனால் வேறொன்றும் இல்லை, சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகிலிருந்து எடுக்கும் சாராயம்தான், யாரும் குடித்துவிடக் கூடாதென்று எதையோ கலந்து பங்க்கில் விற்கிறார்கள். நான் அம்மாவிடம், "இருபத்திரண்டு வருஷம் உழைச்ச வண்டிக்கு இந்த வயசுல சாராயம் ஊத்தணுமா, பழைய இரும்புக்குப் போட்டுட்டு நீயும் கொஞ்சம் உட்காரேன்" என்றேன். அம்மா மறுநாள் காலை ஏழு மணிக்கே வண்டியோடு மூக்கு மெக்கானிக்கின் ஷெட்டில் நின்றாள். அவரை உனக்கு ஞாபகம் இருக்கும், அம்மாவிடம் ஓட்டக் கற்றவர், வண்டியில் என்ன கோளாறு என்று மோந்தே சொல்லிவிடுவாரே, அவர்தான்.

மத்தியானம் சாப்பாடு கொண்டுபோன நான் சாயங்காலம்தான் திரும்பினேன். அவளைச் சமாதானப்படுத்திக் கூட்டிவரலாம் என்றுதான் போனேன், சத்தியமாக. ஆனால் மெக்கானிக் என் கையில் ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுத்து, "சார், இதைக் கொஞ்சம் ஆடாம பிடிங்க" என்றார், அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன். காற்றையும் எரிபொருளையும் கலக்கும் கார்பரேட்டருக்குள் ஜெட் என்று பித்தளையில் ஒரு குட்டித் துளை இருக்கிறது, எரிபொருள் அது வழியாகத்தான் போகும். அதே அளவு காற்றுக்கு எத்தனால் பெட்ரோலைவிட நிறைய வேண்டுமாம், அதனால் அந்தத் துளையைப் பெரிதாக்க வேண்டும், அதுவும் மயிரிழை மயிரிழையாக. முதல்நாள் பெரிதாக்கியது போதவில்லை, வண்டி சளி பிடித்த கிழவர் மாதிரி இருமியது. அடுத்த ஜெட்டில் துளை பெரிதாகிவிட்டது, எரியாத சாராயம் குழாயில் வந்து ஷெட்டே கமகமத்தது, மெக்கானிக் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இருபது வருஷத் தொழில் போச்சு சார், எல்லாக் கோளாறும் ஒரே வாசனையா அடிக்குது" என்று புலம்பினார். மூன்றாவது ஜெட்டில் எஞ்சின் பதமாகப் பேச ஆரம்பித்தது. பழைய ரப்பர் குழாய்களை எத்தனால் ஊறவைத்துக் கெடுத்துவிடும் என்று எல்லாவற்றையும் மாற்றினோம். நான் "மாற்றினோம்" என்று எழுதுவதைப் பார்த்து அம்மா தோளுக்குப் பின்னாலிருந்து சிரிக்கிறாள், நான் பிடித்தது பூதக்கண்ணாடி மட்டும்தானாம்.

முதல் ஓட்டத்துக்கு மூவருமாகக் கிளம்பினோம். டேங்க்கில் ஊற்றும்போது அம்மாவின் கைமேலும் என் சட்டைமேலும் கொஞ்சம் சிந்தியிருந்தது. முதல் சிக்னலிலேயே டிராஃபிக் போலீஸ்காரர் ஜன்னலருகே குனிந்தவர் அப்படியே நிமிர்ந்தார். அம்மாவை ஊதச் சொன்னார், கருவி சும்மா இருந்தது. ஓட்டாத என்னையும் ஊதச் சொன்னார், பின்னால் இருந்த மெக்கானிக்கையும் ஊதச் சொன்னார், கருவியைத் தட்டிப் பார்த்துவிட்டு மறுபடி அம்மாவிடம் நீட்டினார். அம்மா முகத்தை அசைக்காமல், "நாங்க யாரும் இல்ல சார், கார்தான் குடிச்சிருக்கு" என்றாள். அவர் சிரிக்காமல் இருக்க எவ்வளவோ முயன்றார், பாவம், முடியவில்லை.

நேற்றுதான் சோதனை, கெடுவுக்கு முந்தைய கடைசி நாள். காலையில் குளிர், எத்தனால் குளிரில் சட்டென்று பற்றாது, அதற்கென்றே மெக்கானிக் ஒரு சின்ன பெட்ரோல் பாட்டிலை வைத்திருந்தார், அதைக் கொஞ்சம் விட்டதும் வண்டி எழுந்துகொண்டது. அதிகாரி உன் வயசுப் பெண்தான், ஆனால் முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லை. புகை பார்த்தாள், குழாய் பார்த்தாள், எல்லாம் சரி என்று குறித்தாள். பிறகு, "பயிற்சி வண்டியாச்சே, கத்துக்கறவர் ஓட்டித்தான் மேட்டுல ஏத்திக் காட்டணும், உங்க ஆள் எங்க?" என்றாள். ஓட்டிக்காட்ட வரவேண்டிய மாணவிக்குக் காய்ச்சல் என்று அந்த நேரம் பார்த்துப் போன் வருகிறது. அம்மா போனை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். இருபது வருஷத்துக்கு முன் நம் கேட்டை இடித்துத் தள்ளியதிலிருந்து நான் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை, ஆனால் என் பழகுநர் உரிமத்தை மட்டும் அவள் காலாவதியாக விட்டதே இல்லை, கையெழுத்துப் போடுங்கள் என்பாள், போட்டுவிடுவேன். பர்ஸிலிருந்து அதை எடுத்து அதிகாரியிடம் நீட்டியது நான்தானா என்று இப்போதும் சந்தேகமாக இருக்கிறது.

டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன், அதிகாரி பின்சீட்டில் ஏறினாள். பரவாயில்லை, அம்மா பக்கத்தில் இருக்கிறாள், அவள் பக்கம் தனியாகக் கிளட்சும் பிரேக்கும் இருக்கிறது, ஏதாவது ஆனால் மிதித்துவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி மேட்டில் நிறுத்தச் சொன்னாள் அதிகாரி. நிறுத்தினேன். ஒரு விரற்கடைகூடப் பின்னால் உருளாமல் எடுங்கள் என்றாள். கிளட்சை மெல்ல விட்டேன், வண்டி ஒருமுறை உறுமிவிட்டு, நல்ல பிள்ளையாக ஏறியது மகளே, ஏறியே விட்டது. இறங்கி வந்ததும் பின்னாலிருந்து, "தேறியாச்சு சார், நிறுத்தலாம்" என்றாள். எனக்குக் கால் பிரேக்குக்குப் போகவே இல்லை, "இன்னும் ஒரே ஒரு சுத்தும்மா" என்று கேட்டுவிட்டேன், அந்த முகத்தில் அப்போதுதான் முதல்முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன், சரி போங்கள் என்றாள். மைதானத்தை முழுசாக ஒரு சுற்று சுற்றினேன், மெக்கானிக் வெளியே நின்று கைதட்டிக்கொண்டே கூட ஓடிவந்தார். வண்டியை நிறுத்திவிட்டு, நல்லவேளை நீ மிதித்தாய் என்று சொல்வதற்காக அம்மா பக்கம் திரும்பினேன். அவள் இரண்டு கால்களையும் மடக்கி சீட்டின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன். "கதவைச் சாத்தினதுலேர்ந்து" என்றாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, அங்கே குளிர் என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீங்கள் இருவரும் நினைத்ததெல்லாம் நடந்து நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, அடுத்த மாதம் நீ வந்து இறங்கும்போது டாக்சி எதையும் பிடிக்காதே, வாசலிலேயே நில், நான் வண்டியோடு வருகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா