இஸ்திரிப் பெட்டியில் ஒட்டிய எழுத்து

உனக்கு,

இன்று காலை பிரின்டரில் காகிதம் சிக்கிக்கொண்டது. பின்பக்கக் கதவைத் திறந்து இழுத்தேன். பாதி கிழிந்து கையோடு வந்துவிட்டது. மீதியை உருளைக்கு அடியிலிருந்து மெல்ல உருவி எடுப்பதற்குள் விரலெல்லாம் கறுப்புத் தூள். கழுவ மாடிக்குப் போன இடத்தில் குளிக்க வைத்திருந்த வெந்நீர் வாளி பக்கத்திலேயே இருந்தது. அதில் கையை விடப் போனவள் நிறுத்திக்கொண்டேன். "வெந்நீரு வேணாம்டி, தூளு இளகிப் புடிச்சிக்கும். பச்சத் தண்ணில கழுவு" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! பச்சைத் தண்ணீரில் கழுவினேன். தூள் போய்விட்டது.

நம் ஜெராக்ஸ் கடையில் இப்போதெல்லாம் பேச்சு என்று எதுவும் இல்லை. எத்தனை காப்பி, ஒரு பக்கமா ரெண்டு பக்கமா என்று கேட்கிறேன், சொல்கிறார்கள், கொடுக்கிறேன், போய்விடுகிறார்கள். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போதுதான் காலையிலிருந்து வேறெதுவும் பேசவில்லை என்பது தெரிகிறது.

நாம் பழகியதே ஒரு பிரின்டரால்தான், நினைவிருக்கிறதா? விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்குப் பிழைக்க வந்த நான் ஒரு கம்பெனி அலுவலகத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். நீ கெலவரப்பள்ளிக்காரி, பாக்கிங் பகுதியில் வேலை. சரக்குச் சீட்டு வாங்க வரும்போதெல்லாம், கிரீச் கிரீச்சென்று அலறும் அந்தப் பழைய டாட் மேட்ரிக்ஸ் மெஷினைக் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்பாய். மற்றவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். ஒருநாள் நிமிர்ந்து, "உள்ள சின்னச் சின்ன ஊசி இருக்குதுடி. ரிப்பன குத்திக் குத்தி எழுத்து போடுது. தையல் மெஷினு கணக்கா" என்றாய். தினமும் அதன்முன் உட்கார்ந்திருந்த எனக்கு, அது எப்படி எழுதுகிறது என்ற கேள்வியே அதுவரை எழுந்ததில்லை. ஒருவிதத்தில் அன்றுதான் உன் முகத்தை நான் சரியாகப் பார்த்தேன்.

கம்பெனி மூடியபோது, உனக்குக் கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எனக்குக் கல்யாணம் என்ற பேச்சே ஓய்ந்துபோயிருந்தது. தொழிற்பேட்டைப் பக்கத்துச் சந்தில் ஒரு அறை பிடித்துக் கடை போட்டோம். மேல்மாடியில் நான் குடியிருந்தேன். டைப் அடிப்பது என் வேலை, மெஷின் உன் பொறுப்பு.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய லேசர் பிரின்டர் வந்த அன்று நீ பட்ட ஆச்சரியத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஊசி இல்லை, மையும் இல்லை, எழுத்து மட்டும் எப்படி வருகிறது என்று பெங்களூர் மெக்கானிக்கைக் குடைந்து எடுத்துவிட்டாய். மறுநாள் எனக்குப் பாடம். சீப்பை உன் தலைமுடியில் பரபரவென்று தேய்த்துக் காகிதத் துணுக்குகளின் மேல் பிடித்தாய். அவை துள்ளி ஒட்டின.

"பாத்தியா? உள்ள ஒரு உருளை இருக்குது. அதுமேல பூரா இந்த மாதிரி கரண்டு ஏத்தி வெச்சிருக்கும். லேசர் வெளிச்சம் எழுத்து மாதிரியே போயி அதுமேல விழுவுது. விழுந்த எடத்துல மட்டும் கரண்டு கொறைஞ்சிரும். அங்க போயி தூளு உக்காந்துக்கும். காகிதம் வந்து அதைத் தங்கிட்ட இழுத்துக்கும்."

"அவ்வளவுதானா?"

"எங்க அவ்ளோதான்? இன்னும் ஒட்டலியே, சும்மா உக்காந்திருக்குது. ஊதுனா போயிரும். அந்தத் தூளு பிளாஸ்டிக்குடி. கடைசில ஒரு சூட்டு உருளைக்குள்ள போயி வரும்போதுதான் உருகிக் காகிதத்தோட சேரும்."

அன்று நீ விளையாட்டாகச் சொன்னதுதான் கொரோனா காலத்தில் ஒரு நாள் நமக்குக் கைகொடுத்தது.

ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்து, கடையைக் காலையில் மட்டும் திறக்கலாம் என்றிருந்த நேரம். கர்நாடக எல்லையிலிருக்கும் ஜூஜுவாடி செக்போஸ்டைத் தாண்ட பாஸ் வேண்டும். தொழிலாளர் மெஸ்ஸில் சமைக்கும் சாவித்ரம்மா மூச்சு வாங்க ஓடிவந்தார். எல்லை தாண்டி ஆனேக்கல் ஆஸ்பத்திரியில் அவர் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது.

"ரத்தம் நிக்கலம்மா. பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவச் சொல்றாங்களாம். மாப்ள ஒண்டியா நிக்கறான். பச்சக் கொழந்தய யாரு புடிக்கறது?"

அவரிடம் பட்டன் போன்தான். நம் கணினியிலேயே விண்ணப்பித்தோம். பாஸ் வந்தது, அன்றைக்கு மட்டும் செல்லும். அச்சிட்டு எடுத்து நீட்டினேன். வாங்கிய சாவித்ரம்மாவின் கட்டைவிரல் பட்ட இடத்தில் அவருடைய பெயரே கறுப்புத் தீற்றலாக இழுத்துக்கொண்டு போனது. இன்னொன்று அடித்தேன். அதுவும் அப்படியே. சாவித்ரம்மா தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினார். அக்கம்பக்கத்தில் வேறு கடை எதுவும் திறந்திருக்கவில்லை. மெக்கானிக்கோ எல்லைக்கு அந்தப் பக்கம்.

நீ மட்டும் பதறவில்லை. காகிதத்தை முகத்தருகே வைத்து ஊதிப் பார்த்தாய்.

"எழுத்து சரியாத்தான்டி வருது. சூட்டு உருளை செத்துப்போச்சு. மேல போயி உன் இஸ்திரிப் பெட்டிய எடுத்துட்டு வா."

"என்னத்துக்கு?"

"எடுத்துட்டு வாடின்னா!"

கொண்டுவந்தேன். முதல் தாளின்மேல் வெள்ளைக் காகிதம் ஒன்றை வைத்துத் தேய்த்தாய். எழுத்தில் பாதி மேல் காகிதத்தோடு போய்விட்டது. ஒரு கணம் நீயும் கலங்கிப்போனாய். பிறகு இஸ்திரிப் பெட்டியை மல்லாக்கத் திருப்பி இரண்டு நோட்டுப் புத்தகக் கட்டுகளுக்கு நடுவே நிறுத்தினாய்.

"இன்னொண்ணு அடி. ஓரத்தப் புடிச்சி எடு, எழுத்த தொட்றாத."

எழுத்து மேலே பார்க்க, காகிதத்தின் முதுகு மட்டும் சூட்டில் படும்படி இரண்டு கையாலும் பிடித்து அங்குலம் அங்குலமாக நகர்த்தினாய். மங்கலாகக் கிடந்த தூள் ஒவ்வொரு வரியாக இளகி மினுங்கியதை நானும் சாவித்ரம்மாவும் குனிந்து பார்த்தோம். ஆறட்டும் என்று கொஞ்சம் விட்டு, உன் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாய். சாவித்ரம்மாவின் பெயர் அசையவில்லை.

அவரை செக்போஸ்ட் வரை உன் ஸ்கூட்டரிலேயே ஏற்றிக்கொண்டு போனாய். வாசலிலேயே நின்று காத்திருந்தேன். திரும்பி வந்தவள் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சிரித்தாய்: "போலீஸ்காரரு விரல்ல எச்சி தொட்டுத் தேச்சிப் பாக்கறாருடி! அழிஞ்சாத்தான?" அந்தப் பக்கம் ஒரு மருந்து வண்டியில் இடம் கிடைத்து அவர் போய்ச் சேர்ந்தார். மகள் பிழைத்துக்கொண்டாள். குழந்தைக்கு மொட்டையடித்துக் காது குத்தியபோது நம் இருவரையும் அழைத்து முன்வரிசையில் உட்காரவைத்தார்கள்.

போன மழைக்காலத்தில் நீ சூளகிரிக்கு உன் மகன் வீட்டுக்குப் போயிருந்தாய். மறுநாள் அவன் போன் செய்தான். "அம்மா போயிட்டாங்க ஆன்ட்டி. நெஞ்சு வலின்னாங்க, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..." கடையைப் பூட்டிவிட்டு, சூளகிரி வழியாகப் போகும் கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறி நின்றுகொண்டே போனேன்.

உன்னைச் சுற்றி உன் சொந்தங்கள் உட்கார்ந்து உங்கள் வீட்டுப் பேச்சான தெலுங்கில் அழுதுகொண்டிருந்தார்கள். எங்கே உட்காருவது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு பெரியம்மா ஏற இறங்கப் பார்த்து, "நீங்க யாருங்க?" என்றார்.

"கடையில கூட இருந்தவ" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துகொண்டார். நான் சொன்னது சரிதான். ஆனால் வேறு ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அந்த உறவுக்கு என்ன பெயர் என்று இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை. ஓரமாக நின்று உன் கால்மாட்டைப் பார்த்துவிட்டு, எடுத்த பிறகு கிளம்பினேன். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் பழக்கத்தில் போனை எடுத்துவிட்டேன். எங்கே போய்வந்தாலும் "வந்து சேந்துட்டேன்" என்று சொல்ல எனக்கு இருந்தது உன் ஒருத்தியின் நம்பர்தான். அழுத்தாமல் பையில் போட்டுக்கொண்டேன்.

இப்போது மெஷினும் என் பொறுப்பு. தூள் நிரப்புகிறேன், உருளை மாற்றுகிறேன். போன வாரம் பிறப்புச் சான்றிதழுக்கு நகல் எடுக்க வந்த ஒரு தெலுங்குக்காரப் பெண், மையே ஊற்றாமல் எப்படி எழுத்து வருகிறது என்று கேட்டாள். அவளுக்குத் தமிழ் வராது. உன்னோடு பழகி எனக்கு வந்த தெலுங்கில் உருளையை, வெளிச்சத்தை, தூளை, சூட்டை எல்லாம் நீ சொன்ன வரிசையிலேயே சொன்னேன். அவள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். புரிந்தது என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

என் தெலுங்கில் எவ்வளவு தப்பு இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நீ இருந்திருந்தால் எப்போதும்போல நடுநடுவே சிரித்துச் சிரித்து ஒவ்வொன்றாகத் திருத்தியிருப்பாய். முதல் தடவையாக, தொடங்கியதிலிருந்து முடிக்கும்வரை ஒருவரும் குறுக்கிடாமல் நானே பேசி முடித்தேன்.